பாக்கின் 'மத்தேயு திருப்பாடுகள்': பரோக் இசை வடிவங்களும் அவற்றின் இறையியலும்

பெரிய வெள்ளியன்று நம் ஆலயங்களில் பாடப்படும் ஞானப்பாட்டுகளுள் 'இரத்தம் காயம் குத்தும்' என்பது தனியிடம் பெற்றதாகும். பவுல் கெர்கார்ட் என்னும் லுத்தரன் போதகர் 1656-இல் வெளியிட்ட ஜெர்மானியப் பாட்டின் தமிழ் வடிவம் அது. அதன் மெட்டோ பாட்டினும் பழையது. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்பவர் 1601-இல் வெளியிட்ட ஒரு காதற்பாட்டுக்கு அமைத்த மெட்டே பின்னர்த் திருச்சபையின் உடைமையாயிற்று. இதே மெட்டு, யோகான் செபாஸ்தியான் பாக் இயற்றிய 'மத்தேயு திருப்பாடுகள்' என்னும் பேரிசைப் படைப்பில் 5 முறை வருகின்றது. அப்படைப்பு 1727 ஏப்ரல் 11 அன்று, பெரிய வெள்ளி மாலை வழிபாட்டில், லைப்சிக் நகரின் தூய தோமா ஆலயத்தில் முதன்முதலாகப் பாடப்பெற்றது என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு.

மெட்டு நமக்கு வந்து சேர்ந்தது. அம்மெட்டு எவ்விடத்தில், எதற்கு விடையாக நின்றது என்னும் அறிவு நம்முடன் வரவில்லை. அதனை அறிய வேண்டுமாயின் பரோக் இசையின் சில வடிவங்களையும், ஒத்திசையின் அடிப்படைச் சொற்கள் சிலவற்றையும் விளங்கிக்கொள்ளுதல் அவசியம். இசை பயிலாத போதகரும் பின்பற்றத்தக்க முறையில் அவற்றை விளக்குவதும், பாடுகளின் வரலாற்றைக் கேட்கும் சபை எங்கே நிற்கின்றது என்னும் வினாவுக்கு அவ்வடிவங்கள் தரும் விடையை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பரோக் என்னும் சொல்

'பரோக்' என்பது ஒழுங்கற்ற வடிவுடைய முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததென்பர். பிற்காலத்தவர் முதலில் இகழ்ச்சியாகவே இப்பெயரை வழங்கினர். இன்று ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையுள்ள ஐரோப்பிய இசைக்கு இது பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. பாக் மறைந்த ஆண்டாகிய 1750 அக்காலத்தின் எல்லைக்கல்லாகக் கொள்ளப்படுகின்றது.

இக்கால இசையாளரின் தலையாய கொள்கை, இசை சொல்லுக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்பதே. சொல்லின் பொருள் எந்த உணர்ச்சியை எழுப்புமோ அந்த உணர்ச்சியை இசையும் எழுப்ப வேண்டும். ஒரு பகுதி முழுவதும் ஓர் உணர்ச்சியே ஆள வேண்டும். திருமறையை விரித்துரைத்தலையே வழிபாட்டின் நடுவாகக் கொண்ட லுத்தரன் சபைக்கு இக்கொள்கை மிகவும் ஏற்றதாயிற்று. ஹைன்ரிக் ஷுட்ஸ் 1666-இல் இயற்றிய மத்தேயு திருப்பாடுகளில் இசைக்கருவி எதுவுமின்றி மனிதக் குரல் மட்டுமே ஒலித்தது. அதற்கு 61 ஆண்டுகளுக்குப் பின் பாக் இரு பாடகர் குழுக்களையும் இரு கருவிக் குழுக்களையும் அமைத்தார். எனினும் இருவர்க்கும் நோக்கம் ஒன்றே: திருமறைப் பகுதி கேட்போர் உள்ளத்தில் தைக்க வேண்டும்.

2. ஒத்திசை: இசைவும் முரணும்

நம் மரபிசையில் சுருதி நிலையாக நிற்க, அதன்மேல் ஒரே இராக வழி விரிகின்றது. மேலை இசையிலோ பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலித்துக் கூட்டுகளாக அமைகின்றன. இச்சுரக்கூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் முறையே ஒத்திசை, அதாவது ஹார்மனி எனப்படும்.

அடிப்படைக் கூட்டு மூன்று சுரங்களால் ஆனது. ச, க, ப ஆகியவற்றை ஒருங்கே ஒலித்தால் அது கிடைக்கும். அதில் அந்தர காந்தாரம் வருமாயின் அது மேஜர் கூட்டு. சாதாரண காந்தாரம் வருமாயின் மைனர் கூட்டு. சுரநிலைகளின் நுட்ப வேறுபாடுகளை ஒதுக்கிவைத்தால், மேஜர் அளவை நம் சங்கராபரணத்தையும், இயல்பான மைனர் அளவை நடபைரவியையும் ஒத்தவை எனலாம். பழைய சபை இசையில் வழங்கிய ஃபிரிஜிய அளவை தோடியின் சுரங்களைக் கொண்டது.

இணங்கி ஒலிக்கும் சுரங்களை இசைவு என்றும், மோதி ஒலிப்பவற்றை முரண் என்றும் கூறுவோம். முரண் இசைப்பிழையன்று. அது ஏக்கத்தைப் பிறப்பிக்கின்றது. இசைவு அதனை ஆற்றுகின்றது. ஒரு கூட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகையில், ஒரு குரல் மட்டும் தன் பழைய சுரத்தை விடாது பற்றிக்கொண்டு புதிய கூட்டுடன் மோதிப் பின்னர் ஒரு படி இறங்கி அமைதி பெறுவதுண்டு. இதனைத் தொங்குசுரம் என்னலாம். புலம்பலையும் பாரத்தையும் காட்டப் பரோக் இசையாளர் இதனையே பெரிதும் நம்பினர்.

ஓர் இசையடி முடியும் விதம் முடிவுநடை எனப்படும். பஞ்சமத்தின்மேல் எழும் கூட்டு ஆதார ஷட்ஜத்தின் கூட்டில் வந்து அமரும்போது, வீடு வந்து சேர்ந்த நிறைவு உண்டாகின்றது. அந்தப் பஞ்சமக் கூட்டிலேயே நின்றுவிட்டால் வினாவொன்று விடையின்றி நிற்பதுபோல் இருக்கும். ஆதாரச் சுரத்தையே இடையில் மாற்றிக்கொள்ளுதலும் உண்டு. நம் இசையின் கிரகபேதத்தை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

இவற்றைக் கொண்டு, மேற்கூறிய ஞானப்பாட்டின் மெட்டைப் பாக் கையாளும் விதத்தை நோக்குவோம். முதன்முறை அது ஈ மேஜரில் வருகின்றது. பேதுரு தாம் மறுதலிப்பதில்லை என்று உறுதி கூறியபின் அதே மெட்டு அரைச் சுரம் தாழ்ந்து ஈ பிளாட் மேஜரில் வருகின்றது. பிலாத்துவின் முன் இயேசு மௌனமாய் நிற்கும் இடத்தில் இன்னும் அரைச் சுரம் தாழ்ந்து டி மேஜரில் ஒலிக்கின்றது. முள்முடி சூட்டப்பட்டபின் நான்காம் முறையாக வருகின்றது. ஐந்தாம் முறை இயேசு உயிர்விட்டவுடன் வருவது. அங்கே மெட்டு மாறவில்லை. அதன் கீழுள்ள கூட்டுகள் மாறிவிட்டன. அரைச் சுரங்களால் நெளிந்து செல்லும் குரல்கள் முன்னர்க் கேட்டிராத முரண்களை உண்டாக்குகின்றன. இறுதியில் ஃபிரிஜிய முறையில், வீடு வந்து சேராத ஒரு கூட்டிலேயே பாட்டு நின்றுவிடுகின்றது. தன் மரண வேளையில் ஆண்டவர் உடனிருக்க வேண்டும் என்று வேண்டும் பாடல் அது. நம்பிக்கையின் சொற்கள் அதே மெட்டில் நிற்க, மரணத்தின் அச்சம் ஒத்திசையில் வெளிப்படுகின்றது.

3. தாங்கும் அடிக்குரல்

பரோக் இசையை இனங்காட்டும் தலையாய அடையாளம் 'பாஸோ கண்டினுவோ' என்னும் தொடர் அடிக்குரலாகும். செல்லோ போன்ற தாழ்ந்த கருவி அடிவரியை இடையறாது இசைக்க, ஆர்கன் வாசிப்பவர் அதன்மேல் கூட்டுகளை நிரப்புவார். அவருக்கு எல்லாச் சுரங்களும் எழுதித் தரப்படுவதில்லை. அடிவரியும் அதனுடன் 6, 7, 4, 3 போன்ற எண்களும் மட்டுமே தரப்படும். அடிச்சுரத்திலிருந்து எத்தனையாவது சுரம் ஒலிக்க வேண்டும் என்பதை அவ்வெண்கள் காட்டும். மற்றவற்றை வாசிப்பவர் தம் பயிற்சியினால் அவ்விடத்திலேயே அமைத்துக்கொள்வார்.

நம் தம்புரா நிலையாக நிற்பது. கண்டினுவோ நடந்து செல்வது. ஆயினும் இரண்டும் மேலே ஒலிப்பவற்றுக்கு ஆதாரமாவன. அடிக்குரல் இருப்பதைக் கேட்போர் பெரும்பாலும் உணர்வதில்லை. அது நின்றால் உடனே உணர்வர். பாக் இதனை அறிந்து பயன்படுத்திய இடம் ஒன்றுண்டு. "இவர் என்ன தீங்கு செய்தார்?" என்ற பொருளில் பிலாத்து வினவுகின்றான். ஒரு சொப்ரானோ குரல் விடை கூறுகின்றது: இவர் எல்லாருக்கும் நன்மையே செய்தார். அதனைத் தொடரும் தனிப்பாடலில், அன்பினிமித்தமே தம் மீட்பர் மரிக்க மனங்கொண்டார் என்று அக்குரல் பாடுகின்றது. இங்கே ஒரு குழலும் வேட்டை ஒபோக்கள் இரண்டும் மட்டுமே உடன் ஒலிக்கின்றன. கண்டினுவோ இல்லை. தாங்குவார் யாருமின்றி, பாவமறியாத ஒருவர் அந்தரத்தில் நிற்கின்றார். இத்தனிமையைச் சொல்லால் விளக்கப் பல பக்கங்கள் தேவைப்படும். பாக் ஒரு வரியை எழுதாது விட்டதனால் உணர்த்திவிட்டார்.

4. மூன்று வடிவங்கள், மூன்று குரல்கள்

திருப்பாடுகளின் அமைப்பு மூன்று வடிவங்களால் ஆனது. முதலாவது ரெசிட்டட்டிவ் எனப்படும் பேச்சிசை. தாள ஒழுங்குக்கு இறுக்கமாக உட்படாமல், பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றிச் செல்வது இது. நற்செய்தியாளரின் சொற்களை ஒரு டெனர் குரல் கண்டினுவோவின் துணை மட்டும் கொண்டு இவ்வடிவில் கூறுகின்றது. இயேசுவின் சொற்களுக்கோ நரம்புக்கருவிகள் நீண்ட கூட்டுகளை இசைத்து, ஓவியங்களில் திருமுகத்தைச் சூழ்ந்த ஒளிவட்டம்போல் நிற்கின்றன. கைவிடப்பட்ட நிலையில் சிலுவையிலிருந்து எழும் கதறலின்போது (மத்தேயு 27:46) அந்நரம்புக்கருவிகள் நின்றுவிடுகின்றன. ஒளிவட்டம் அணைந்துபோகின்றது.

இரண்டாவது வடிவம் ஆரியா என்னும் தனிப்பாடல். வரலாறு சற்றே நிற்க, ஒரு தனிமனிதர் அதனைத் தியானிக்கின்றார். கருவிகள் இசைக்கும் ஒரு முன்பகுதி இடையிடையே மீண்டும் வந்து பாடலைக் கட்டி நிறுத்தும். அது ரிட்டர்னெல்லோ எனப்படும். பல ஆரியாக்கள் 'டா காப்போ' அமைப்புடையன: முதற்பகுதி, மாறுபட்ட நடுப்பகுதி, மீண்டும் முதற்பகுதி. பெத்தானியாவில் ஒரு பெண் தைலம் பூசியபின் வரும் ஆல்ட்டோ தனிப்பாடல் இத்தகையது. மனந்திரும்புதலின் வேதனையில் தொடங்கி, நடுப்பகுதியில் கண்ணீர்த் துளிகள் நறுமணத் தைலமாக வேண்டுமென்று கேட்கின்றது; குழல்கள் துளித்துளியாய் உதிர்க்கின்றன. பின்னர்ப் பாடல் மனந்திரும்புதலுக்கே திரும்புகின்றது. பல்லவிக்கு மீளும் நம் கீர்த்தனையைப் போன்றே இங்கும் மீண்டு வரும் சொல் முன்னிருந்த சொல்லாயினும், கேட்பவர் முன்னிருந்தவர் அல்லர்.

மூன்றாவது வடிவம் கோரால் என்னும் சபைப்பாட்டு. சபையார் அறிந்த ஞானப்பாட்டின் ஒரு கண்ணியை நான்கு குரல்களில் அமைப்பது அது. அவ்வழிபாட்டில் சபையார் வாய்திறந்து உடன்பாடினரோ இல்லையோ, மெட்டும் சொல்லும் அவர்கள் நாவில் ஏற்கெனவே இருந்தன. ஆகவே கோரால் ஒலிக்கும்போது மேடையிலிருப்போர் அல்லர், ஆலயத்தில் அமர்ந்திருப்போரே பேசினர் எனலாம்.

பேதுரு மனங்கசந்து அழும் இடத்தில் (26:75) இம்மூன்றும் வரிசையாக நிற்பதைக் காணலாம். நற்செய்தியாளரின் பேச்சிசை 'அழுதான்' என்னும் சொல்லில் நீண்டு விம்முகின்றது. உடனே தனி வயலினோடு ஆல்ட்டோ குரல் இரக்கத்துக்காக மன்றாடுகின்றது. பின்னர்க் கோரால், தாமும் அகன்று சென்று மீண்டும் வந்ததாக அறிக்கையிடுகின்றது. 'அவன்' என்பது 'நான்' ஆகி, 'நான்' என்பது சபையின் அறிக்கையாகின்றது. அருளுரையின் இயல்பான வழியும் இதுவன்றோ?

இவ்வமைப்பின் சிகரம் கடைசி இராவுணவில் அமைந்துள்ளது. உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு கூறியதும், சீடர்கள் ஒவ்வொருவராய் 'நானோ?' என்று வினவுகின்றனர் (26:22). பாடகர் குழு 'ஆண்டவரே' என்னும் விளியை 11 முறை பாடுகின்றது. பன்னிருவரில் ஒருவன் மௌனமாயிருக்கின்றான். மத்தேயுவின் வரலாற்றில் அடுத்து வருவது இயேசுவின் மறுமொழி. பாக் அதற்கு இடங்கொடாமல் குறுக்கிடுகின்றார். கெர்கார்டின் மற்றொரு பாட்டின் கண்ணி கோராலாக எழுந்து, 'நானே அவன். தண்டனைக்குரியவன் நானே' என்ற பொருள்பட விடையளிக்கின்றது. யூதாஸ் பெயர் குறிக்கப்படுமுன் சபை தன் பெயரைக் கொடுத்துவிடுகின்றது.

5. கூட்டத்தின் ஃபியூக்

பல குரல்கள் தனித்தனி வழியில் நடந்தும் ஒன்றுக்கொன்று இசைந்து செல்லும் கலை கவுண்டர்பாயின்ட் எனப்படும். அதன் கடுமையான வடிவம் ஃபியூக். 'ஓட்டம்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது இப்பெயர். ஒரு குரல் கருப்பொருளாகிய சிறு இசைவரியைத் தொடங்கும்; இரண்டாம் குரல் அதனையே வேறு சுரநிலையில் ஏற்றுத் தொடரும்; மூன்றாவதும் நான்காவதும் அவ்வாறே வந்து சேரும்.

'அவனைச் சிலுவையில் அறையவேண்டும்' என்னும் கூக்குரலுக்குப் பாக் இவ்வடிவத்தைத் தேர்ந்தார். வளைந்து நெளிந்த அந்த இசைவரி பாஸ் குரலில் தொடங்கி, டெனர், ஆல்ட்டோ, சொப்ரானோ என்று ஏறுகின்றது. ஒருவன் தொடங்கிய கூச்சல் அடுத்தவன் வாய்க்குத் தாவிப் பெருங்கூட்டத்தின் குரலாகும் விதம் இதுவே. ஒவ்வொருவரும் முன்னவர் சொன்னதையே சொல்கின்றனர். ஒருவரும் நின்று எண்ணுவதில்லை. இரண்டாம் முறை இதே பகுதி ஒரு முழுச்சுரம் உயர்ந்து வருகின்றது. வெறி ஏறிவிட்டது. இதற்குச் சற்றுமுன் 'பரபாஸ்' என்னும் ஒரே சொல் இரு குழுக்களும் சேர்ந்து எழுப்பும் ஒரே கூட்டில் வெடிக்கின்றது. குறைந்த ஏழாம் கூட்டு எனப்படும் அது எந்த ஆதாரச் சுரத்தையும் தன் வீடென்று காட்டாத முரண்கூட்டாகும்.

இவ்விரு கூக்குரல்களுக்கும் இடையே பாக் வைத்தவற்றை நோக்குக. முதற் கூக்குரலுக்குப்பின் கோரால் ஒன்று எழுந்து, ஆடுகளுக்காக மேய்ப்பர் துன்புறும் இந்தத் தண்டனை எத்துணை வியப்புக்குரியது என்று கூறுகின்றது. அதன்பின்னர் முன்பு கூறிய, அடிக்குரலற்ற சொப்ரானோவின் தனிப்பாடல். அதனையடுத்தே இரண்டாம் கூக்குரல். அறைந்த கூட்டத்தையும் அறையப்பட்டவருக்குக் கடன்பட்ட சபையையும் பாடுவோர் அதே பாடகர் குழுவினரே. குரல் ஒன்று, இடம் இரண்டு.

6. வடிவம் மௌனமாகும் இடம்

இங்கே கடினமான ஒரு வினாவை நாம் தவிர்த்தலாகாது. இவருடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் வரட்டும் என்று மக்கள் கூறியதாக மத்தேயு எழுதிய வசனம் (27:25), கிறிஸ்தவர் யூதர்க்கு இழைத்த கொடுமைகளுக்குப் பல நூற்றாண்டுகள் சாக்காகப் பயன்பட்டது. லுத்தர் 1543-இல் யூதருக்கு எதிராக எழுதிய கடுஞ்சொற்கள் லுத்தரன் சபையின் மேல் படிந்த கறையாகும். பாக் இவ்வசனத்தை வலிமைமிக்க இசைக்கூட்டமாக விரித்துள்ளார். 'நானே அவன்' என்று கூறும் கோரால் இதற்கு அடுத்து வருமென்று எதிர்பார்ப்போம். வரவில்லை. இயேசு வாரினால் அடிக்கப்பட்டார் என்னும் செய்தி வருகின்றது. அதன்பின் ஆல்ட்டோ குரல் அடிக்கும் சேவகரை நோக்கி நிறுத்துமாறு கெஞ்சுகின்றது. தொடரும் ஆரியாவில், வழியும் இரத்தத்தை ஏந்தும் பலிக்கலமாகத் தன் இருதயத்தை ஏற்குமாறு அக்குரல் வேண்டுகின்றது.

இதனை ஒருவகை விடையாகக் கொள்வாருண்டு. சாபமாகக் கேட்கப்பட்ட இரத்தத்தைத் தன்மேல் அருளாக ஏற்க ஒரு விசுவாசி முன்வருகின்றார் என்பது அவர்தம் விளக்கம். அது பொருத்தமானதே. எனினும் அவ்விடை மறைவானது; கூட்டத்தின் கூச்சலோ வெளிப்படையானது. நல்ல வடிவம் கேட்பவரைத் தன்னாய்வுக்கு அழைக்கும். அழைப்பை ஏற்கும்படி கட்டாயப்படுத்த அதனால் இயலாது. இசை மௌனமாகும் இடத்தில் அருளுரை பேச வேண்டும். பாக்கின் படைப்பும் அவ்வாறே வழிபாட்டில் வைக்கப்பட்டது: முதற்பகுதி அருளுரைக்கு முன், இரண்டாம் பகுதி அருளுரைக்குப் பின். 1829-இல் மெண்டெல்ஸோன் பெர்லின் நகரில் இதனை மீண்டும் உயிர்ப்பித்தபோது அது வழிபாட்டிலிருந்து அரங்குக்கு இடம்பெயர்ந்தது. இன்று இதனைக் கேட்போர் பலர்க்கு நடுவிலிருந்த அருளுரை கிடைப்பதில்லை.

7. போதகர்க்குச் சில குறிப்புகள்

பாக் 1736-இல் இப்படைப்பை அழகுற எழுதிவைத்த படியில் நற்செய்தியின் சொற்களைச் சிவப்பு மையினால் எழுதினார். முதற்பாடலில் இரு குழுக்களும் வினாவும் விடையுமாய்ப் புலம்புகையில், அவற்றின்மேல் மூன்றாவதாக ஒரு சொப்ரானோ குரல் தேவ ஆட்டுக்குட்டியைப் பற்றிய பழம்பாட்டைப் பாடும். அப்பாட்டின் சொற்களையும் அவர் சிவப்பிலேயே எழுதினார். திருமறைக்குரிய நிறத்தில் சபைப்பாட்டும் எழுதப்பட்டதை நாம் எளிதில் மறத்தலாகாது.

தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்க் முதலான ஹாலே அருட்பணியாளர்கள் நமக்குக் கொண்டுவந்தது ஆடம்பரமற்ற ஞானப்பாட்டு. ஆலயத்தில் விரிவான கலையிசையைக் குறித்து அவர்கள் சார்ந்த பக்தி இயக்கத்தார் ஐயமுற்றிருந்தனர். ஆகவே கோரால் வந்தது. ரெசிட்டட்டிவும் ஆரியாவும் வரவில்லை. இரு பாடகர் குழுக்களும் கருவிக்குழுக்களும் நம் கிராமச் சபைகளுக்குக் கிட்டுவன அல்ல, அவை தேவையுமல்ல. அவ்வடிவத்தின் உட்பொருளை நம் வழிபாட்டு முறைமையில் கொணர்தல் எல்லார்க்கும் இயலும்.

பாடுகளின் வரலாற்றை ஒரே மூச்சில் வாசித்து முடித்து, இறுதியில் ஒரு பாட்டைப் பாடுவது நம்மிடையே உள்ள வழக்கம். அதற்குப் பதிலாக வாசிப்பைப் பகுத்து, குற்றஞ்சாட்டும் சொல் எங்கெங்கு எழுகின்றதோ அங்கங்கே சபையார் அறிந்த ஞானப்பாட்டின் அல்லது கீர்த்தனையின் ஓர் அடியை வைக்கலாம். சீடரின் வினாவுக்குப் பின்னும், பேதுருவின் கண்ணீருக்குப் பின்னும், கூட்டத்தின் கூக்குரலுக்குப் பின்னும் அறிக்கைப் பாடல் ஒன்று வருமாயின், 'அவர்கள் அறைந்தனர்' என்று கேட்ட செவி 'நான்' என்று தானே சொல்லும். மத்தேயு 27:25 வாசிக்கப்படும் நாளில் அதனை விளக்காமல் விடுவதும் தகாது.

திருப்பாடுகளின் இறுதிப் பாடலில் இரு குழுக்களும் கல்லறையின் அருகே கண்ணீருடன் அமர்கின்றன. கடைசிக் கூட்டு சி மைனர். அக்கூட்டில் எல்லாக் குரல்களும் வீடு சேர்ந்துவிட்டபோது, மேலே ஒலிக்கும் கருவிகள் மட்டும் நிஷாதத்தில் ஒரு கணம் தங்கி, ஷட்ஜத்துடன் மோதி, அதன்பின்னரே அதில் அமர்கின்றன. அந்த முரண் தீர்ந்துவிடுகின்றது. ஆயினும் அதனைக் கேளாதவர்போல் எவரும் எழுந்து செல்ல முடிவதில்லை. பெரிய வெள்ளியன்று நம் சபையார் ஆலயத்தைவிட்டு வெளியேறுகையில் அந்த ஒரு கணம் அவர்கள் செவியில் நிற்குமாறு வழிபாட்டை அமைத்தல் போதகரின் பொறுப்பாகும்.